உள்வாயில் கொஞ்சம் சம்பு இருக்கட்டும்



புத்தாண்டன்று காலை எங்கள் மைசூரு விஜயநகரில் நடக்க இடம் இருக்காது. முதல் ஸ்டேஜ் யோக நரசிம்ம சுவாமி கோயிலில் அன்று வருகிற அத்தனை பேருக்கும் லட்டு கொடுப்பார்கள். விடிவதற்கு முன்பே வரிசை தெருவைத் தாண்டிப் போய்விடும். நானும் பல வருஷம் நின்று வாங்கியிருக்கிறேன். இந்த வருஷம் லட்டை மத்தியானத்துக்கு ஒத்திவைத்துவிட்டு இருட்டோடு ஸ்கூட்டரை எடுத்தேன். பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புக்காரி பின்னால் ஏறிக்கொண்டாள். "ஆன்ட்டி, இன்னைக்காவது அந்தக் குருகைக் காட்டுவீங்களா?" என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள்.

ரிங் ரோட்டைத் தாண்டிக் கால் மணி நேரத்தில் ஓர் ஏரி வரும். பெயரை எழுதப் போவதில்லை; ஏன் என்று பின்னால் உங்களுக்கே புரியும். ஒரு பக்கம் உயர்ந்த கரை, மதகு, நடைபாதை. எதிர்ப்பக்கம் உள்வாய். அங்கேதான் மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. அந்த உள்வாயில், ஏரிக்குள் நாக்கை நீட்டினது போல ஒரு மண்மேடு இருக்கிறது. நூறு தப்படி நீளம் இருக்கலாம். மூன்று பக்கமும் தண்ணீர். நடுவில் எருமை மேய்கிற புல். இரண்டு ஓரத்திலும் ஆள் உயரத்துக்கு மேல் சம்பு. இங்கே கன்னடத்தில் 'ஜொண்டு' என்கிறார்கள்.

பெண்ணை உட்கார வைத்து, சம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் உள்ள விளிம்பை மட்டும் பார் என்றேன். இருபது நிமிஷம் ஒன்றும் இல்லை. ஒரு கானாங்கோழி வாலை ஆட்டிக்கொண்டு வந்து போயிற்று. முக்குளிப்பான் ஒன்று முங்கி, நாம் எதிர்பார்க்காத இடத்தில் எழும்பியது. பிறகு காற்று அடித்தது. சம்புத் தாள்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பின. அதில் ஒரு தாள் மட்டும் கொஞ்சம் தாமதித்துச் சாய்ந்தது. அந்தத் தாளுக்குக் கண் இருந்தது.

மஞ்சள் குருகு. நம் வயல்வெளி மடையானைவிடச் சிறியது. அலகை வானத்துக்கு நேராக நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, இரண்டு தாள்களைக் கால்விரல்களால் பற்றிக்கொண்டு நிற்கிறது. தொண்டையிலிருந்து மார்பு வரை இறங்கும் வெளிர்ந்த கோடுகள், காய்ந்த சம்பின் கோடுகளேதான். காற்று அடித்தால் அதுவும் ஆடுகிறது. காற்று நின்றால் அதுவும் நிற்கிறது. பெண் மூச்சுக்கூட விடவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து அது கழுத்தை மெல்ல மடக்கி, சரேலென்று ஒரு மீன்குஞ்சைக் குத்தி எடுத்து, தாள்களுக்கு நடுவே நடந்தே மறைந்துவிட்டது. "பறக்கவே இல்லையே ஆன்ட்டி!" என்றாள். அதற்குப் பறக்கத் தேவையே வரவில்லை. சம்பு இருக்கிற வரை அதற்கு அதுவே வீடு, அதுவே சட்டை.

இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது இந்த விளிம்பைப் பற்றித்தான்.

ஒரு சொல்லை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த புதிதில் என்னைக் குழப்பிய சொல் அது. நமக்கு 'ஏரி' என்றால் நீர்நிலை, 'கரை' என்றால் அதன் மேடு. கன்னடத்தில் நீர்நிலைக்குப் பெயர் 'கெரெ', அதன் மேட்டுக்குப் பெயர் 'ஏரி'. நாம் 'ஏரிக்கரை' என்பதை அவர்கள் 'கெரெ ஏரி' என்கிறார்கள். ஒரே மண்மேட்டில் நின்றுகொண்டு இரண்டு மொழிக்காரர்களும் சொற்களை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஒன்றையே சொல்கிறோம். ஆனால் இரண்டு மொழியிலுமே பேச்செல்லாம் கரையைப் பற்றித்தான். கரையை ராஜா கட்டினார், கரையில் கல்வெட்டு வைத்தார்கள், கரையில் நடக்கிறோம். எதிர்ப்பக்கம் கிடக்கிற உள்வாயைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை. பறவைகளின் கணக்கிலோ உள்வாய்தான் முதலிடம்.

மைசூருவைச் சுற்றிப் பறவை பார்க்கப் போகிற இடங்களை எண்ணிப் பாருங்கள். விஜயநகரிலிருந்து அருகில் இருப்பது குக்கரஹள்ளி கெரெ. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1864இல் நகருக்கு வெளியே இருந்த வயல்களுக்குப் பாசனம் கொடுக்க வெட்டியது. இன்று மானசகங்கோத்ரி பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி இருக்கிறது. லிங்காம்புதி ஏரி 1828இல் அவருடைய ராணியின் பெயரால் அமைந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்து ரங்கனதிட்டு? அதுவும் இயற்கையாக வந்ததல்ல. 1640களில் கண்டீரவ நரசராஜ உடையார் காவிரிக்குக் குறுக்கே அணை கட்டியபோது உருவான திட்டுகள்தான் அவை. 1939-40இல் மைசூர் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சலீம் அலி அந்தத் திட்டுகளில் கூடு கட்டியிருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இதைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசரிடம் எடுத்துச் சொன்னார். 1940இல் அது சரணாலயமாயிற்று. 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. அதே வருஷ அறிவிப்பில் நம் வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் இடம்பெற்றன.

எல்லாமே மனிதர் கட்டிய தண்ணீர். பறவைகள் அதைக் குறையாக நினைக்கவில்லை. ஒரு பக்கத்தை நம் விருப்பத்துக்குக் கட்டிக்கொண்டு, மறுபக்கத்தை அப்படியே விட்டோம். அந்த விட்ட பக்கத்தில் அவை வந்து குடியேறின.

குக்கரஹள்ளியின் நடுத்திட்டில் இப்போது கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. பக்கத்து மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள், நீர்க்காகங்கள், இருட்டினால் வேலைக்குக் கிளம்புகிற வக்காக்கள். கன்னடக் கவிஞர் குவெம்பு தினமும் நடந்தது அந்த ஏரிக் கரையில்தான். யாதவகிரியில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயணும் அந்தக் கரையில் நடந்தவர். சென்னையில் பிறந்த தமிழர், மைசூரில் நடந்து நடந்து மால்குடிக் கதைகளை எழுதியவர். காலை ஏழு மணிக்கு அங்கே போனால் இன்றும் நடப்பவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கூழைக்கடா தலைக்கு மேலே தாழப் பறந்து போனால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். "ஹெஜ்ஜார்லெ பந்திதெ" (கூழைக்கடா வந்திருக்கிறது) என்று ஒரு பெரியவர் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் வீட்டுக்கு விருந்தாளி வந்த சந்தோஷம் இருந்தது.

மத்தூர் பக்கத்துக் கொக்கரெ பெள்ளூருக்குப் போனால் இந்த ஹெஜ்ஜார்லெ ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்தில் கூடு கட்டுவதைப் பார்க்கலாம். புளியமரத்தின் காய் வருமானத்தை விட்டுக்கொடுத்துக் கூடுகளைக் காத்த குடும்பங்கள் அங்கே உண்டு. மைசூருவின் இயற்கை ஆர்வலர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்த 'ஹெஜ்ஜார்லெ பளக' விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்து மறுபடி பறக்கவிடுகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அந்த ஊரில் கால் வைத்ததும் கூந்தன்குளத்துக்கு வந்தது போலவே இருந்தது. அங்கேயும் பறவை வராத வருஷத்தை ஊர் நல்ல வருஷமாக நினைப்பதில்லை.

ஆனால் பெரிய பறவைகளுக்கு ஆதரவாகப் பேச ஆள் இருக்கிறது. மரத்தின் உச்சியில், வெள்ளையாக, எல்லார் கண்ணிலும் படுகிறபடி நிற்கின்றன. சம்புக்குள் ஒளிந்து வாழ்கிற சின்னதுகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் வீட்டை நாம் வீடு என்றே நினைப்பதில்லை. குப்பை என்று நினைக்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஜூலை மாதம். குருகைப் பார்த்த இதே ஏரி, இதே மண்மேடு. காலையில் போனேன். பொக்லைன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. மேட்டின் வலப்பக்கச் சம்பு முழுவதையும் வேரோடு வாரிக் கரையில் குவித்திருந்தார்கள். 'ஏரியைச் சுத்தம் செய்கிறோம்' என்றார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. வியர்த்து வேலை செய்துகொண்டிருந்தார்கள், நல்லது செய்கிறோம் என்று முழு மனதோடு நம்பினார்கள். அதனால்தான் ஏரியின் பெயரை எழுதவில்லை. குவியலுக்குள் தாழைக்கோழியின் கூடு ஒன்று சாய்ந்து கிடந்தது. முட்டைகள் குளிர்ந்துவிட்டன. தாய்க்கோழி திறந்த தண்ணீரில் வட்டமிட்டு வட்டமிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கத்து நீர்ப்பறவைகள் பலவற்றுக்குப் பேறுகாலம். தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி, குருகுகள், இலைக்கோழிகள் எல்லாம் அப்போதுதான் முட்டையிடுகின்றன. தாமிர இறக்கை இலைக்கோழியில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான். பெண், அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். ஆபத்து என்றால் அப்பன் குஞ்சுகளை இரண்டு இறக்கைக்கும் அடியில் இடுக்கிக்கொண்டு ஓடும். இறக்கைக்குக் கீழே குட்டிக் குட்டிக் கால்கள் மட்டும் தொங்கும். ஓடுவதற்கு இலையும், ஒளிவதற்கு ஓரத்துச் சம்பும் இருந்தால்தான் அந்த ஓட்டத்துக்கு அர்த்தம்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோரை என்றால் மரியாதை. பத்தமடைப் பாய் தெரியும்தானே? தாமிரபரணித் தண்ணீரில் கோரையை ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, பட்டுத்துணி மாதிரி மடிகிற பாயாக நெய்கிற ஊர். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரைச் சேர்த்து நெய்து கொடுப்பார்கள். கோரை வேறு, சம்பு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே ஈரத்தில் முளைக்கிற பங்காளிகள். ஒன்றைக் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கிறோம், இன்னொன்றைப் பொக்லைன் வைத்து வாருகிறோம். மனம் ஒப்பவில்லை.

சம்பு என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் தண்டுக்குள் தேன்கூடு போலக் காற்றறைகள் உண்டு. அவற்றின் வழியே மேலிருக்கும் காற்று சேற்றுக்குள் இருக்கும் வேர் வரை இறங்குகிறது. வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் காற்றை வைத்துக்கொண்டு சாக்கடைக் கழிவைச் சிதைக்கின்றன. தண்ணீரில் மிதமிஞ்சிய தழைச்சத்தையும் மணிச்சத்தையும் சம்பு உறிஞ்சித் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. கழிவுநீரைச் சுத்தம் செய்யச் சம்புப் பாத்திகளைக் காசு கொடுத்து அமைக்கிற ஊர்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. நமக்கு இது இலவசமாக முளைக்கிறது.

அதே சமயம் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நியாயமாகாது. சம்பு கண்மூடித்தனமாகப் பெருகினாலும் ஏரிக்கு ஆகாது. சாக்கடை கலக்கிற ஏரியில் அது தின்று கொழுத்து, திறந்த தண்ணீரையே மூடிவிடும். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் இறங்க இடம் இல்லாமல் திரும்பிப் போகும். காய்ந்த தாள்கள் அங்கேயே விழுந்து மக்கி ஏரியைத் தூர்க்கும், உறிஞ்சிய சத்தையும் திருப்பித் தண்ணீரிலேயே விட்டுவிடும். ஆகவே வெட்டத்தான் வேண்டும். கேள்வி எல்லாம் எப்போது, எவ்வளவு என்பதுதான். குஞ்சுகள் இறக்கை முளைத்துப் போன பிறகு, பனிக்காலம் முடிந்து வெயில் தொடங்கும்போது, ஒரு வருஷம் ஒரு பகுதி, அடுத்த வருஷம் அடுத்த பகுதி. வெட்டியதைக் கரையில் குவிக்காமல் வெளியே கொண்டுபோய்விட வேண்டும். வேரை விட்டுவைக்க வேண்டும். இதற்கு அதிகப் பணம் தேவையில்லை, நாட்காட்டி ஒன்று போதும். சம்பு அளவுக்கு மீறி வளர்ந்தால் அதை வெட்டுவதோடு நிறுத்தாமல், எந்தக் குழாய் வழியாகக் கழிவு வருகிறது என்று பார்க்கவும் வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே நாணல் காடுகளில் வாழ்கிற பெரிய குருகு ஒன்று உண்டு. ஆண் கத்தினால் வெற்றுக் குடத்துக்குள் ஊதுகிற மாதிரி ஒரு மைலுக்கும் மேல் கேட்கும். நாணல் நிலங்கள் வறண்டு தூர்ந்துபோக, 1997இல் நாடு முழுக்கக் கத்துகிற ஆண்கள் 11 மட்டுமே மிஞ்சின. அதற்கப்புறம் நாணல் பாத்திகளை மறுபடி நனைத்தார்கள், முறை வைத்து வெட்டினார்கள், புதிதாகவும் வளர்த்தார்கள். இன்று 200க்கும் மேல் கத்துகின்றன. எங்கள் மஞ்சள் குருகுக்கு அந்த நிலை வரவில்லை. வராமல் பார்த்துக்கொள்வது வந்தபின் மீட்பதைவிட எவ்வளவோ சுலபம்.

ஒரு நாள் கொஞ்சம் தூரம் போக நேரம் இருந்தால், விஜயநகரிலிருந்து ஹுணசூர் ரோட்டில் இலவாலா வந்து, கே.ஆர். நகர் பாதையில் திரும்பி, சாகரகட்டே வரை போய் வாருங்கள். கிருஷ்ணராஜ சாகர் அணையின் பின்நீர் அது. காவிரியும் ஹேமாவதியும் லக்ஷ்மணதீர்த்தமும் சேருகிற பரப்பு என்பதால் நீருக்குள் நீளும் நிலங்கள் நிறைய. அங்கே சம்பு குறைவு. நீர்மட்டம் வருஷத்துக்குள் பல அடி ஏறி இறங்கும் இடத்தில் அது வேர்பிடித்து நிலைப்பது கஷ்டம். பதிலாக, நீர் வற்றும்போது சேறும் திட்டுகளும் வெளியே வரும். ஆற்று ஆலா அந்த வெறும் தரையில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். அணையின் முழு மட்டமான 124.80 அடி என்கிற எண்ணைப் பத்திரிகையில் பார்க்காத தமிழர் யார்? அணை நிறைந்ததா, நமக்குத் தண்ணீர் வருமா என்றுதான் இத்தனை வருஷமும் அந்த எண்ணைப் படித்தேன். ஆலாவைப் பார்த்த பிறகு, கோடையில் மட்டம் சட்டென்று ஏறினால் அந்தக் குழியில் இருக்கும் முட்டைகள் என்னாகும் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

தமிழில் இதையெல்லாம் எழுத முடியுமா என்று ஒரு வாசகர் போன மாதம் கேட்டிருந்தார். மா. கிருஷ்ணன் எழுதிக்காட்டிவிட்டார் ஐயா. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996 வரை வாழ்ந்து, கடைசிவரை பறவையையும் விலங்கையும் பார்த்துக்கொண்டே இருந்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாக்கினார். நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள். பெயர்களுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. நெற்றியில் வெள்ளைப் பட்டை உள்ள கருங்கோழிக்கு நாமக்கோழி என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் ஏரிக்கரையில் நிதானமாக உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்த நாமக்கோழிகளைத்தான் புத்தாண்டன்று எங்கள் எட்டாம் வகுப்புக்காரி எண்ணினாள். முதல் தடவை 61 வந்தது. இரண்டாவது தடவை 84. சம்புக்குப் பின்னால் இருந்து ஒரு கூட்டம் நீந்தி வந்துவிட்டது. எதை எழுதுவது என்று தவித்தாள். பத்துப் பத்தாகக் கூறு போட்டு எண்ணச் சொன்னேன். மூன்றாவது தடவை 87. நோட்டில் தேதி, நேரம், மேகம் இல்லை, காற்று லேசாக என்றெல்லாம் எழுதி, கீழே மஞ்சள் குருகு 1 என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டாள். ஆசியா முழுவதும் ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் இப்படிப்பட்ட நோட்டுகளால்தான் நடக்கிறது. இதே மைசூரு நகரத்தையும் 2014 முதல் 2016 வரை ஆர்வலர்கள் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரமாக நடந்து பறவை வரைபடம் தயாரித்திருக்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு நடந்தவர்கள் இல்லை அவர்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. 2015 முதல் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள் நடக்கிறது. பெரிய தயாரிப்பு வேண்டாம். குறைந்தது 15 நிமிஷம் ஓர் இடத்தில் நின்று, கண்ட பறவைகளையும் எத்தனை என்பதையும் ஈபேர்ட் செயலியில் பதிந்தால் போதும். மொட்டை மாடியில் நின்று காக்கையையும் மைனாவையும் எண்ணினாலும் அது கணக்குதான். ஆனால் என் வேண்டுகோள், ஒரு நாளாவது உங்கள் ஊர் ஏரியின் உள்வாய்ப் பக்கம் போய் வாருங்கள். கூட்டுக்குக் கிட்டே போகாதீர்கள். கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றி வெளியே வரவழைக்காதீர்கள். சம்பு இருக்கிறதா, எந்தப் பக்கம், எவ்வளவு, யார் எப்போது வெட்டுகிறார்கள் என்று அங்கே மாடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடைக்க மாட்டார். கேட்டதை ஓர் அஞ்சலட்டையில் எனக்கு எழுதிப் போடுங்கள். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் ஈரநிலங்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தான நாள். அதையொட்டி வரும் இதழில் நாலு பக்கம் உங்கள் ஏரிகளுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பொக்லைன் வந்த அந்த ஜூலைக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று பேராகப் போய்ச் சுத்தம் செய்தவர்களிடம் பேசினோம். கோபப்படாமல், தாழைக்கோழி முட்டையின் படத்தைக் காட்டிப் பேசினோம். மேட்டின் இடப்பக்கத்தை அந்த வருஷம் தொடவில்லை. வலப்பக்கம் சேற்றில் அறுபட்டு மிஞ்சிய வேர்த்துண்டுகள் அடுத்த மழையிலேயே முளைவிட்டன. புத்தாண்டன்று குருகு நின்றது அந்த வலப்பக்கத்தில்தான். எருமை மேய்க்கிற பெரியவர் எங்களைப் பார்த்ததும், "லட்டு எல்லிம்மா?" (லட்டு எங்கேம்மா?) என்று கேட்டார். மத்தியானம் வாங்கி, மறுநாள் காலை அவருக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அன்புடன்,
ஆசிரியர்